கடல் பக்கச் சுவரிலிருந்து ஒன்பது கோல்

நண்டுத் தொழிற்சாலையில் எது பிழைத்தாலும் தம்புவின் பெயரைத்தான் இழுப்பார்கள். மூடி இறுகாத டப்பாவைக் கண்டால், "தம்பு போட்ட பிளேட் மாதிரிக் கிடக்கு" என்பார்கள். பூட்டுப் பிடிக்காத கதவும் தம்பு போட்ட பிளேட்தான். மேற்பார்வை பார்க்கிறவரின் மகளுடைய கலியாணம் ஆறு மாதத்தில் முறிந்தபோது அதற்கும் யாரோ இதையே சொல்ல, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் தம்புவைக் கண்ணால் கண்டதில்லை. அவர் செத்து நாலு வருஷம். அவருடைய மனைவி ஜெயரூபி அதே மண்டபத்தில், ஐந்தாம் மேசையில், குனிந்த தலை நிமிராமல் நண்டுச் சதை எடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? வந்த சிரிப்பை விழுங்குகிற பழக்கம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

கொங்கிறீட்டில் மட்டமாகப் போடுகிற கூரையைத்தான் இங்கே பிளேட் என்பார்கள். கொட்பேப் பக்கம், துறைமுகத் தண்ணீர் கூப்பிடு தூரத்தில் கிடக்கிற இடத்தில், வருஷம் முழுக்க உப்புக் காற்றும் புழுக்கமும், மாரியில் மூன்று மாதம் அடைமழையும் கொட்டுகிற ஊரில், தண்ணீர் வடிய வழியில்லாமல் மட்டமாகக் கூரை போட வேண்டும் என்று முதலில் நினைத்தவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும். ஆனால் போட்டாயிற்று. களஞ்சியம், ஐஸ் ஆலை, தொழிற்சாலை என்று அந்த வீதியில் எல்லாம் பிளேட்தான். அதனால் அந்தப் பிளேட்டுகளின் முதுகில் தார்ச் சீட் ஒட்டிப் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர் என்று ஒரு காலத்தில் பெயர் எடுத்தவர் தம்பு.

பழைய சீட்டை உரித்துவிட்டு அவர் உடனே ஒட்டமாட்டார். கொங்கிறீட்டைக் காயவிடுவார். காய்ந்ததா என்று பார்க்க, பின்னேரம் ஒரு துண்டுப் பொலித்தீனை விரித்து நாலு ஓரமும் ஒட்டிவிட்டு வருவார். காலையில் பொலித்தீனின் அடியில் ஒரு துளி வியர்வை நின்றாலும் இன்னும் இரண்டு நாள் பொறு என்பார். முதலாளிமார் பல்லைக் கடிப்பார்கள். இவர் காதில் விழாததுபோல் பீடியைப் பற்றவைப்பார். நண்டுத் தொழிற்சாலைக் கூரையையும் பத்து வருஷத்துக்கு முன் அப்படித்தான் போட்டார். அந்த மாரி முழுக்க ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அடுத்த வருஷம் தொழிற்சாலை பெருத்தது. புதுக் குளிரறை கட்டினார்கள், புது மெசின் பூட்டினார்கள். அந்தச் சித்திரையில், வானத்தில் பேருக்கும் முகில் இல்லாத ஒரு நாள், ஜெயரூபியின் பிடரியில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சீலிங் பலகைகளின் பொருத்தில் அடுத்த சொட்டு உருண்டு நின்றது.

மழையில்லாமல் கூரை எப்படி ஒழுகும் என்று கேட்டால், துறைமுகப் பக்கத்துக் கூரைக்காரர் எல்லாரிடமும் ஒரே பதில் இருந்தது. பிளேட் தண்ணி குடித்து வைத்திருக்கிறது, மாரியில் குடித்ததைக் கோடையில் கக்குகிறது. எங்கேயோ ஒரு ஊசித்துளை இருக்கும், அடைத்தால் சரி. தம்புவும் அதைத்தான் நம்பினார், பாவம். தொழிலில் ஊறியவர்கள் எல்லாரும் நம்புகிற ஒன்றை அவர் மட்டும் ஏன் நம்பாமல் விடப்போகிறார்?

பிறகு ஆரம்பித்தது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. பத்து அடி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அவர் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதி அவளுக்கு, மறு பாதி தனக்கு. மண்டபத்தில் சொட்டுகிற இடத்தை அவள் அந்தக் கோலால் அளந்து வர வேண்டும், கதவுச் சுவரிலிருந்து எத்தனை கோல், கடல் பக்கச் சுவரிலிருந்து எத்தனை கோல் என்று. ஞாயிற்றுக்கிழமை அவர் கூரையில் ஏறி, தன் கோலால் அதே கணக்கை அளந்து, அந்த இடத்தில் தார்ச் சீட் துண்டு ஒன்றை நெருப்புக் காட்டி ஒட்டுவார். கூலி கிடையாது. பெயரைக் காப்பாற்றுகிற வேலைக்கு யார் கூலி தருவார்கள்? இன்று ஐந்தாம் மேசை, அடுத்த மாதம் எட்டாம் மேசை, பிறகு இரண்டாம் மேசை. ஒன்றை அடைத்தால் இன்னொரு பொருத்தில் சொட்டியது. ஐந்து வருஷம் ஒட்டினார். அதற்குள் துறைமுகத்தில் அவருக்கு வேலை கொடுக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். பிறகு மதில் பூசவும் கிணறு இறைக்கவும் போனார்.

நாலு வருஷத்துக்கு முன், ஐப்பசித் தூறலில், தொழிற்சாலையின் பின்பக்க இரும்பேணியின் மேற்படியில் கால் வழுக்கி விழுந்தார். ஒரு கையில் சீட்டுக்கு நெருப்புக் காட்டுகிற காஸ் டோர்ச், மறு கையில் கோல். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்தது. அன்று காலை வீட்டில் நடந்த கதையை ஜெயரூபி இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது கூரையை முழுக்க உரித்துப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று ஆடி மாதம் செய்தி வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள், நண்டு மேசைக்கு மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. மண்டபத்தில் எல்லாரும் இனிப் பிடரி நனையாது என்று சந்தோஷப்பட்டார்கள். ஜெயரூபிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உரித்தால் தெரிந்துவிடும். மனுஷன் விட்டது பிழைதானா, எங்கே விட்டார், எப்படி விட்டார், எல்லாம் தெரிந்துவிடும். ஒன்பது வருஷமாக அவளும்தான் ஊரோடு சேர்ந்து அவரைப் பிழைகாரர் என்று நம்பினாள். ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில், அந்தப் பொலித்தீனை ஒட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிற மனுஷன் பிழை விடுவாரா என்ற கேள்வி செத்தும் சாகாமல் கிடந்தது. அதற்குப் பதில் வேண்டும். பதில் வந்தால், அதை அந்த மண்டபத்தில் யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வேலையை எடுத்தவன் மூதூர் ஸப்வான். நாற்பது வயதிருக்கும், நல்ல மரியாதைக்காரன், கீழே நாலு பேர் வைத்திருந்தான். மூன்றாம் நாள், தேத்தண்ணீர் கொண்டு போகிற பெண் வரவில்லை என்று தெரிந்ததும் ஜெயரூபி தானாகப் போய்க் கேத்தலை வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் வந்து அந்த இரும்பேணியைப் பார்த்தாள். நாலு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் பார்க்காதவள். கேத்தலை முழங்கையில் கொழுவிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறினாள். மேற்படியில் கால் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

கூரையில் கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. ஸப்வான் ஓடி வந்து கேத்தலை வாங்கினான்.

"அக்கா, நீங்கள் ஏன் ஏறினீங்கள்? கீழ நிண்டு கூப்பிட்டிருந்தா வந்து எடுத்திருப்பமே."

"பரவாயில்லை தம்பி. ஒருக்காப் பாக்க வேணும் போல கிடந்தது."

"இதில பாக்க என்ன கிடக்கு? வெய்யிலும் தாரும்தான்." தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான். "ஆனா ஒண்டு சொல்லவேணும். இதை ஒட்டின மனுசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. வேலைகாரன். மூண்டு நாளா உரிக்கிறம், ஆக்களுக்குக் கை வெடிச்சுப் போச்சு. சீட் விட்டு வருகுதில்லை."

"அது என்ர மனுசன்" என்றாள் ஜெயரூபி.

ஸப்வான் கோப்பையைக் கீழே வைத்தான். தம்பு விழுந்த கதை அவனுக்கும் தெரிந்திருந்தது, துறைமுகத்தில் தெரியாதவர் யார்? இந்தக் கூரையை ஒட்டியவரும் அவர்தான் என்பதுதான் தெரியாது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான்.

"அடியில ஈரம் கிடக்கோ தம்பி?"

"ஈரமோ? வந்து பாருங்கோ."

உரித்த இடத்தில் கொங்கிறீட் வறுத்த மாப்போல வெள்ளையாகக் கிடந்தது. அவள் குந்தியிருந்து உள்ளங்கையால் தடவினாள். தூள் ஒட்டியது. ஈரத்தின் மணமே இல்லை.

"எனக்கு விளங்காத காரியம் இதுதான்" என்று ஸப்வான் கையை நீட்டிக் காட்டினான். "முப்பத்தொரு ஒட்டுக் கிடக்கு. ஒவ்வொண்டா ஓரத்தைக் கிளப்பிப் பாத்தன். ஒட்டு இருக்கு, ஓட்டை இல்லை. ஒண்டிலயும் இல்லை. அதுவும் எப்பிடி ஒட்டியிருக்கிறார் பாருங்கோ, கயிறு பிடிச்ச மாதிரி நேரா."

ஜெயரூபி எழுந்து தண்ணீர்த் தாங்கியின் சீமெந்துத் திட்டில் ஏறி நின்று பார்த்தாள். சாம்பல் நிறச் சீட்டின் மேல் கறுத்த ஒட்டுகள், கதவுச் சுவரிலிருந்து குளிரறைச் சுவர் வரைக்கும் ஒரே கோட்டில் போயின. ஒன்றுகூட விலகவில்லை. எல்லாம் அவள் கொடுத்த கணக்கு. கதவுச் சுவரிலிருந்து நாலு, கடல் பக்கச் சுவரிலிருந்து ஒன்பது. கதவுச் சுவரிலிருந்து ஏழரை, கடல் பக்கச் சுவரிலிருந்து ஒன்பது. பதினொன்று, ஒன்பது. முதல் எண் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது எண்ணை அவள் ஐந்து வருஷம் மாற்றாமல் சொல்லியிருந்தாள்.

அவர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு முன்னால் வந்து நின்றது. தம்பு குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, கோலைக் கையில் உருட்டியபடி கேட்டார்.

"ஜெயா, மேசை மாறுது, நாள் மாறுது. கடல் பக்கத்துக் கணக்கு மட்டும் ஏன் மாறேல்லை? எப்பவும் ஒன்பது எண்டுதானே சொல்லுறாய். ஒழுக்கு அப்பிடி நேரா வராது. சீலிங்குக்கு மேல என்னவோ கிடக்கு. மனேஜர் சேரோட கதைச்சு ஒரு பலகையைக் கழட்டிப் பாக்கவேணும்."

"பிழை விட்டது நீங்கள். இப்ப அளந்தவளில பிழையோ?" என்று அவள் சீறினாள். முதல் நாள்தான் மண்டபத்தில் பிளேட் பகிடி ஒன்றைக் கேட்டு வந்திருந்தாள். "எல்லாரும் பாக்க என்ர கழுத்தில விழுறது தண்ணி இல்லை, உங்கட மானம். கதை கட்டாமல் போய் அடையுங்கோ."

"தூறுது. நாளைக்கு வெளிச்சதும் போறன்."

"நாளைக்கும் என்ர கழுத்தில விழட்டும் எண்டோ?"

அவர் டோர்ச்சை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சல்லிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றதை அவள் யன்னலால் பார்த்தாள். குடையும் கொண்டு போகவில்லை.

"அக்கா, இஞ்ச வாங்கோ" என்று ஸப்வான் கூப்பிட்டான். ஒட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் பழைய புகைபோக்கி ஒன்றைச் சற்று முன்தான் உடைத்திருந்தார்கள். பிளேட்டில் ஒரு பானை வாய் அளவுக்கு ஓட்டை. அவன் தன் போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். அவள் வயிறு நிலத்தில் பட முழுக்கக் குப்புறக் கிடந்து பார்த்தாள்.

பிளேட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் இருட்டுக்குள், தொடையளவு தடித்த இரும்புக் குழாய் ஒன்று, கூரையில் ஒட்டுகள் போன அதே கோட்டில் ஓடியது. குழாயின் வயிறு முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒவ்வொன்றாகக் கனத்து, சீலிங் பலகையில் விழுந்தது. வெளியே அனல் காற்று, மேலே பிளேட் அம்மணமாகக் காய்கிறது, உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிரறைக்குப் போற குழாய்" என்றான் ஸப்வான். "மேல ஒரு உறையும் சுத்தாமல் விட்டிருக்கினம். எங்கட புழுக்கத்துக்குச் சும்மா விடுமோ? ஐஸ் போட்ட கிளாஸ் மாதிரி வேர்க்கும்."

"அப்ப கூரை ஒழுகேல்லையோ?"

"கூரை ஒழுகவே இல்லை அக்கா. ஒரு நாளும் ஒழுகியிருக்காது."

ஜெயரூபி எழும்பவில்லை. கொங்கிறீட் சுட்டது, அது உறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இதைச் சேரிட்டச் சொல்லுவீங்களோ தம்பி?"

அவன் கேத்தலைப் பார்த்தான். பிறகு துறைமுகத்தைப் பார்த்தான். "எப்பிடிச் சொல்லுறது? கூரை நல்லமெண்டா ஏன் உரிச்சனீ எண்டு என்னைத்தானே கேப்பினம். இதை நம்பி நாலு குடும்பம் கிடக்கு. பழைய சீட் வெடிச்சுத்தான் ஒழுகினதெண்டு நான் கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன்."

"உரிச்சுப் பாக்க முன்னமோ?"

"வேலை தரமுன்னமே எழுதி வாங்கிப்போட்டினம் அக்கா."

அவள் வெறுங்கேத்தலைக் கொழுவிக்கொண்டு இறங்கினாள். நேரே போனது முகாமையாளர் கோணேஸ்வரனின் அறைக்கு. வசதிக்காரர் இருக்கிற ஓர்ஸ் ஹில்லில் வீடு, வெள்ளைச் சேட், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். புதுக் குளிரறை வந்ததும் அவர் காலத்தில்தான். மேசையில் ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் இருந்தது. கிளாஸ் வேர்த்து மேசையை நனைக்காமல் அடியில் கடதாசியை நாலாக மடித்து வைத்திருந்தார். தன் கிளாசுக்கு அடியில் கடதாசி வைக்கத் தெரிந்த மனுஷன்.

அவள் கண்டதைச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சீலிங்கில ஒரு பலகையைக் கழட்டிப் பாருங்கோ சேர். ஒண்டே ஒண்டு."

"சீலிங்கைத் திறந்தா மண்டபத்தை ரெண்டு கிழமை மூடவேணும் ஜெயரூபி. வெள்ளைக்காரர் வரப்போகினம். நீங்கள் நண்டைப் பாருங்கோ, கூரையை நாங்கள் பாப்பம்."

"அவர் விட்ட பிழை இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மண்டபத்தில எல்லாருக்கும் கேக்க. அது காணும்."

"ஆர் இப்ப அவரைக் குத்தம் சொன்னது?" அவர் குரல் இன்னும் மெதுவாகியது. "கடிதத்தில முன்னைய வேலையின் குறைபாடு எண்டுதான் கிடக்கு. பேர் போடேல்லை. மனுசன் போய்ச் சேர்ந்திட்டுது. இனிக் கிளறி ஆருக்கு என்ன லாபம்? உங்களுக்கு வேலை வேணும்தானே?"

பூசி மெழுகுவது என்றால் அதை அவரிடம்தான் படிக்க வேண்டும். தார் பூசுகிறவன்கூட அவ்வளவு வழுவழுப்பாகப் பூசமாட்டான். ஜெயரூபி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஐந்தாம் மேசையில் போய் நின்றாள். பக்கத்தில் நின்ற வள்ளியம்மா, "எங்க பிள்ளை போட்டு வாறாய்?" என்று கேட்டதற்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போனதாகச் சொன்னாள். மண்டபத்தில் மூத்தவள் வள்ளியம்மா. கள்ளமில்லாதவள், வாயில் வந்ததை வடிகட்டத் தெரியாதவள்.

ஆவணி பிறக்கப் புதுக் கூரை முடிந்தது. எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள். கோணேஸ்வரன் மண்டபத்தின் நடுவில் நின்று, இனி இங்கே ஒரு சொட்டும் விழாது என்றார். பெண்கள் கை தட்டினார்கள். வேலையின் கடைசி இரண்டு கிழமையும் குளிரறை மெசின் பாதி ஓட்டத்தில்தான் இருந்தது, அதனால் சீலிங்கும் காய்ந்து போயிருந்தது. கூரை முடிந்த மறுநாள் மெசினை முழு ஓட்டத்தில் விட்டார்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஜெயரூபியின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் நிமிரவில்லை. கையில் கிடந்த நண்டுக் காலை உடைத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைத்தாள். அடுத்த சொட்டு வள்ளியம்மாவின் கையில் விழுந்தது.

"ஐயோ, புதுசும் ஒழுகுதடி!" என்று அவள் கத்தினாள். எல்லாரும் நிமிர்ந்தார்கள். எட்டாம் மேசையிலும் சொட்டியது. வள்ளியம்மா சிரித்தாள். "இதுக்குத் தம்பு எவ்வளவோ நல்லம். தம்புவின்ர பிளேட் முதல் மாரியாவது தாங்கினது."

"ஓம், உண்மை, தம்பு பரவாயில்லை" என்றார்கள் இரண்டு மூன்று பேர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூடி இறுகாத டப்பாவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. ஸப்வான் போட்ட பிளேட்.

ஜெயரூபி ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. ஒன்பது வருஷமாகக் காதில் விழாதா என்று ஏங்கிய சொல், தம்பு நல்லம் என்ற சொல், மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகுதான் அது எதில் ஏறி வந்தது என்று தெரிந்தது. பொய் அப்படியேதான் நின்றது, ஆளைத்தான் மாற்றியிருந்தார்கள்.  சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு வானம் இருண்டு, ஆவணியில் இல்லாத வழக்கமாகத் தூறத் தொடங்கியது. மண்டபத்து வாசலில் ஸப்வான் வந்து நின்றான். இரவல் வெள்ளைக் கோட்டும் ரப்பர்க் கம்பூட்சும், தோளில் காஸ் டோர்ச். பின்னால் கோணேஸ்வரன். ஸப்வானின் முகம் கறுத்துப் போயிருந்தது. வரும் வழியிலேயே நல்ல பேச்சு வாங்கியிருக்கிறான் என்பது தெரிந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் ஐந்தாம் மேசைக்கு வந்து, குனிந்து, மெல்லக் கேட்டான். "அக்கா, எங்கெங்க விழுதெண்டு அளந்து சொல்லுங்கோ. மேல ஏறி ரெண்டு ஒட்டு வைச்சிட்டு வாறன்."

"ஓட்டை இல்லாத இடத்திலயோ?"

"என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்? இண்டைக்கே அடைக்கட்டாம்."

"தூறுது தம்பி."

"தூறினா என்ன? ஏறித்தானே ஆகவேணும்."

ஜெயரூபி கையிலிருந்த கத்தியை வைத்தாள். சீலிங்கில் தேங்குகிற தண்ணீரை வாளிக்குத் தட்டிவிட, மூலையில் அவளுடைய கோல் சாத்திக் கிடந்தது. ஒன்பது வருஷமாகக் கழுவிக் கழுவி வெளுத்துப் போன பாதிக் குழாய். அதை எடுத்துக்கொண்டு கடல் பக்கச் சுவருக்குப் போனாள். நிலத்தில் வைத்து அளந்துகொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய வேலைதானே, பார்த்துப் பழகியதுதானே. ஒன்பதில் நின்றாள். அங்கே ஐந்தாம் மேசை இருந்தது. தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கம்பூட்சோடு மேசையில் ஏறினாள்.

"ஜெயரூபி!" என்றார் கோணேஸ்வரன். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "இறங்குங்கோ! சாப்பாட்டு மேசை!"

அவள் கோலை இரண்டு கையாலும் பிடித்து, தன் பலம் முழுக்கக் கொடுத்து, தலைக்கு மேலிருந்த சீலிங் பலகையைக் குத்தினாள். முதல் குத்தில் பொருத்து வெடித்தது. இரண்டாவது குத்தில் பலகை ஒரு பக்கம் கிளம்பி, அதில் தேங்கிக் கிடந்த தண்ணீர் அவள் தலையில் கொட்டியது. மூன்றாவது குத்தில் பலகை பிடி விட்டு ஆறாம் மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது. பெண்கள் ஓடி விலகினார்கள்.

மேலே இருட்டுக்குள் அந்தக் குழாய். மண்டபத்து வெளிச்சத்தில் அதன் வயிறு முழுக்கத் தண்ணீர் மினுங்கியது. எல்லாரும் பார்க்கச் சொட்டியது. அதற்கு மேலே பிளேட்டின் அடிப்பக்கம் வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

 ஸப்வான் தோளிலிருந்த டோர்ச்சை இறக்கி நிலத்தில் வைத்தான். கோணேஸ்வரனைப் பார்க்காமல், அந்தக் குழாயைப் பார்த்தபடி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"கூரை ஒழுகேல்லை சேர். புதுசும் ஒழுகேல்லை, பழசும் ஒழுகேல்லை. தம்பு அண்ணை போட்ட பிளேட்டில ஒரு பிழையும் இருக்கேல்லை. நான் எழுதித் தந்தது பொய்."

அவள் கேட்க நினைத்த சொல் அதுதான். ஒன்று குறையாமல், அவர் பெயரோடு வந்தது. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. தம்பு போட்ட பிளேட் என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. 

வள்ளியம்மா மேலே பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், பிறகு மேசை மேல் தெப்பமாக நனைந்து நின்ற ஜெயரூபியைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. விளங்காததைக் கேட்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கில்லை.

"அப்ப பிள்ளை, கூரையில ஒண்டுமே இல்லையெண்டா, அந்த மனுசன் ஏன் அண்டைக்குத் தூறலுக்குள்ள மேல ஏறினது?"

ஜெயரூபி கோலைக் கீழே விட்டாள்.

"நான்தான் ஏறச் சொன்னனான்."